யாரோடு சேர்கிறோம்? நட்பைப் பற்றி வேதாகமம் தரும் எச்சரிக்கை

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. அவற்றின் உறுப்பினர்களாக அப்போது கணக்கிடப்பட்ட சுமார் 40,000 பேரில் 28,000க்கும் அதிகமானோர் இந்தியர்கள். தோட்டங்களை விட்டு ஜொகூரின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. விடியுமுன் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு, பள்ளி முடிந்தபின் பிள்ளை யாரோடு இருக்கிறான் என்ற கவலை நாள்தோறும் உண்டு.

கும்பல் அழைக்கும் விதம்

நீதிமொழிகள் நூலின் முதல் அதிகாரத்திலேயே, தகப்பன் மகனை எச்சரிப்பது கும்பலைப் பற்றித்தான் (1:10-19). அந்தக் கும்பல் இளைஞனை மிரட்டவில்லை, கூப்பிடுகிறது. எளிதாகக் கிடைக்கும் பொருளையும், எல்லாருக்கும் ஒரே பணப்பை என்ற சமபங்கையும் ஆசை காட்டுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் தனக்கு மதிப்பில்லை என்று நினைக்கும் பிள்ளைக்கு, பணத்தைவிட 'நீ எங்களில் ஒருவன்' என்ற அந்த உறவே பெரிதாகத் தெரியும். பிறருக்காகப் பதுங்கியிருப்பவர்கள் கடைசியில் தங்கள் உயிருக்கே கண்ணி வைக்கிறார்கள் என்று அப்பகுதி முடிகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே கடுமையானது. குற்றவியல் சட்டத்தின் 130வி பிரிவின்படி, திட்டமிட்டுக் குற்றம் புரியும் கும்பலில் உறுப்பினராக இருப்பதற்கே 5 முதல் 20 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. 'நான் யாரையும் அடிக்கவில்லை' என்பது அங்கே போதிய பதில் ஆகாது.

தீய துணையின் முகங்கள்

கோபக்காரனோடு பழகினால் அவன் வழிகளையே கற்றுக்கொள்வோம் என்று 22ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ரெகொபெயாம் ராஜா முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டு, பத்துக் கோத்திரங்களை இழந்தான் (1 இராஜாக்கள் 12). தாவீதின் மகன் அம்னோனுக்குக் கொடுமையான யோசனை சொன்ன யோனதாப் வெளியாள் அல்ல. பெரியப்பா மகன் (2 சாமுவேல் 13). ஆகவே, சொந்தக்காரன் என்பதாலேயே ஒருவன் நல்ல துணை ஆகிவிடமாட்டான்.

தீய சேர்க்கை நல்லொழுக்கத்தைக் கெடுக்கும் என்று கொரிந்து சபைக்கு எழுதிய பவுல் (1 கொரிந்தியர் 15:33), கிரேக்க நாடக ஆசிரியர் மெனாந்தரின் வரியைக் கையாண்டார் என்பது அறிஞர்களின் கருத்து. திருவள்ளுவரும் சிற்றினம் சேராமை, நட்பாராய்தல், தீ நட்பு, கூடாநட்பு எனத் தனித்தனி அதிகாரங்களே வகுத்தார். சமயம் கடந்து பெரியோர் ஒத்துச் சொன்ன புத்தி இது.

விலகுவதா, வெறுப்பதா?

கெட்டுப்போனவரை ஒதுக்கித் தள்ளுங்கள் என்று வேதாகமம் சொல்லவில்லை. வரி வசூலிப்போரோடும் பாவிகளோடும் இயேசு பந்தியில் அமர்ந்தார் (மாற்கு 2). ஆனால் அவர்கள் வழியில் அவர் போகவில்லை. தம் வழிக்கு அவர்களை அழைத்தார். யார் யாரை நடத்துகிறார் என்பதே நாம் பார்க்க வேண்டியது. அந்தப் பலம் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெற்றோர் செய்யக்கூடியவை

பிள்ளையின் நண்பர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்திருங்கள். அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லி ஒருவேளை சோறு போடுங்கள். காரணம் தெரியாமல் கையில் பணமோ புதுக் கைப்பேசியோ வந்தால் கேளுங்கள். 'அவனோடு சேராதே' என்று சொன்னால் மட்டும் போதாது; விளையாட்டுக் குழு, ஆலய இளைஞர் குழு, டியூஷன் வகுப்பு என்று சேர்வதற்கு வேறோர் இடமும் காட்டுங்கள். இரும்பை இரும்பு தீட்டுவதுபோல் நல்ல நண்பன் நண்பனைத் தீட்டுவான் என்கிறது நீதிமொழிகள் (27:17).

ஏற்கெனவே வழி தவறிய பிள்ளைக்கும் வீட்டுக் கதவு திறந்தே இருக்கட்டும். அது மூடிவிட்டால், 'நீ எங்களில் ஒருவன்' என்று சொல்ல அவனுக்குக் கும்பல் மட்டுமே மிஞ்சும்.