ஓதமேறிய சுவர்கள்: வீடு ஒவ்வாமல் போனவர்களின் வரலாறு

ஓதத்தாலும் பூஞ்சணத்தாலும் கெட்டுப்போன வீட்டில் வாழ்ந்து நோயுற்றவர்களில் ஒரு சாரார், அந்த வீட்டை விட்டு வெளியேறிய பிறகும் முழுமையாகத் தேறுவதில்லை. முன்பு எந்தத் தொல்லையும் தராத சலவைத்தூள், வாசனைத் திரவியம், புதுப் பெயின்ட், அச்சு மை, டீசல் புகை ஆகியவற்றின் மிகச் சிறிய அளவே அவர்களுக்குத் தலைவலியையும் மூச்சிறைப்பையும் நினைவுக் குழப்பத்தையும் நாள்கணக்கில் நீளும் சோர்வையும் கொண்டுவருகிறது. மருத்துவ நூல்களில் பல்வேதிப்பொருள் மிகையுணர்வு என்று குறிக்கப்படும் இந்நிலை, வழக்கமான ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது. ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பாற்றல் குறிப்பிட்ட ஒரு பொருளை எதிர்த்துச் செயல்படுவதைச் சோதனையால் காட்ட முடியும், இங்கோ ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொருள்கள் தொல்லை தருகின்றன, அவற்றை உறுதிப்படுத்தும் இரத்தச் சோதனையும் கிடையாது. இதன் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களுக்கிடையிலான பூசலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சுவர்கள் எவற்றால் கட்டப்பட்டன, அவற்றுக்குள் எவ்வளவு காற்று விடப்பட்டது என்ற கட்டட வரலாற்றையும் உடன்வைத்துப் படித்தால்தான் அது விளங்கும். நோய் உண்டாகும் வழி முற்றாக நிறுவப்படும்வரை சுவரைச் சீராக்கும் வேலையும் காத்திருக்கலாம் என்ற எண்ணம் எவ்வளவு தீங்கு செய்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

ஐரோப்பாவில் இதன் முதல் கட்டம் சுவர்த்தாளோடு தொடங்குகிறது. சுவீடனில் பணியாற்றிய வேதியியலர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1775இல் தாமிரத்தையும் ஆர்செனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை நிறமியை உருவாக்கினார். அதைவிடப் பளிச்சென்ற மற்றொரு ஆர்செனிக் பச்சை 1814 முதல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் விற்பனைக்காகத் தயாரிக்கப்பட்டது. ஆர்செனிக் என்பது தமிழ் மருத்துவ மரபில் பாஷாண வகைகளுள் இடம்பெறும் நச்சுத் தனிமம். அந்த நஞ்சைத் தாங்கிய பச்சைத் தாள்கள், மாவுப்பசையால் ஒட்டப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் செல்வர் மாளிகை முதல் தொழிலாளர் குடியிருப்புவரை பரவின. தாளும் பசையும் பூஞ்சைக்கு உணவு என்பதால், சுவரில் ஓதம் ஏறிய இடமெல்லாம் பூஞ்சணம் பிடித்தது.

ஹைடல்பர்க் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் லியோபோல்ட் கிமெலின் 1839இல் கார்ல்ஸ்ரூஹ நாளிதழில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். பச்சைத் தாள் ஒட்டிய ஈர அறைகளில் எலி நாற்றம் போன்ற ஒரு வாடை வீசுவதையும், அங்கே தங்குவோர் நோயுறுவதையும் அவர் கவனித்திருந்தார். தாளிலிருந்து ஆர்செனிக் கலந்த வாயு ஏதோ வெளிப்படுகிறது என்று கருதி, தாளை உரித்தெடுத்துவிடுமாறு அறிவுறுத்தினார். அந்த வாயு எது, அது எப்படி உண்டாகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அதற்காக அவர் தம் அறிவுரையைத் தள்ளிப்போடவும் இல்லை.

அந்தப் பொறுப்புணர்வு பரவலாகப் பின்பற்றப்படவில்லை. 1862இல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்தின் குழந்தைகள் நால்வர் அடுத்தடுத்து இறந்தபோது, முதலில் தொண்டை அடைப்பான் நோயின்மீது பழி விழுந்தது; படுக்கையறையின் பச்சைத் தாளில் ஆர்செனிக் இருந்தது பின்னரே ஆராயப்பட்டது. புகழ்பெற்ற சுவர்த்தாள் வடிவமைப்பாளரான வில்லியம் மாரிஸ், ஆர்செனிக்கும் எடுத்துவந்த டெவன் தாமிரச் சுரங்க நிறுவனத்தில் பங்கும் இயக்குநர் பொறுப்பும் கொண்டிருந்தவர். சூனிய பயம் பிடித்தவர்கள்போல மருத்துவர்கள் நடந்துகொள்கிறார்கள் என்ற பொருளில் அவர் 1885இல் ஒரு கடிதம் எழுதினார். தம் வீட்டிலும் அதே தாள்தான் ஒட்டப்பட்டிருக்கிறது, எவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பது அக்காலத்தில் பலரும் எழுப்பிய வாதம். ஒரே கூரையின்கீழ் ஒருவர் நலமாக இருக்க, மற்றொருவர் நோயுறுவதைப் பொய்க்குச் சான்றாகக் கொள்ளும் இந்த வாதத்தை வேதிப்பொருள் மிகையுணர்வு உடையவர்கள் இன்றும் எதிர்கொள்கிறார்கள்.

பூஞ்சைக்கும் வாயுவுக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பித்தவர் இத்தாலிய மருத்துவர் பார்த்தொலொமேயோ கோசியோ. 1890களின் தொடக்கத்தில் அவர் மசித்த உருளைக்கிழங்கில் ஆர்செனிக் சேர்மத்தைக் கலந்து வைத்து, அதில் வளர்ந்த பூஞ்சணம் பூண்டு வாடையுள்ள வாயுவை வெளியிடுவதைக் காட்டினார். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் சாலஞ்சர் 1930களின் தொடக்கத்தில் அந்த வாயுவை டிரைமெத்தில் ஆர்சைன் என்று இனங்கண்டார். கதை இங்கே நிறைவடைந்ததாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2005இல் வில்லியம் கல்லன், ரொனால்ட் பென்ட்லி ஆகிய இரு வேதியியலர்கள் பழைய சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, அந்த வாயு நம்பப்பட்ட அளவுக்குக் கொடிய நஞ்சன்று என்று வாதிட்டனர். அறைகளில் நோயுற்றவர்கள் நச்சுத்தூளாலோ, பூஞ்சணத்தாலோ, இரண்டும் சேர்ந்தோ பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். விளக்கம் ஆட்டங்கண்டதால் அவர்கள் பட்ட துன்பம் இல்லையென்று ஆகிவிடவில்லை. தாளை உரிக்கச் சொன்ன அறிவுரையும் தவறாகிவிடவில்லை.

பிற்காலத்தில் கரும்பூஞ்சணம் என்று அமெரிக்க வீடுகளை அச்சுறுத்திய ஸ்டாக்கிபோட்ரிஸ் இனத்துக்கும் சுவர்த்தாளோடுதான் முதல் உறவு: செக் நாட்டுப் பூஞ்சையியலர் ஆகஸ்ட் கோர்டா 1837இல் பிராக் நகர வீடொன்றின் சுவர்த்தாளிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டே அதை முதலில் விவரித்தார். செல்லுலோஸ் எனப்படும் தாவர நார்ப்பொருள் இடைவிடாமல் நனைந்திருந்தால்தான் அது வளரும். 20ஆம் நூற்றாண்டின் வீடு அதற்கு அந்த உணவைத் தாராளமாகவே வழங்கியது. நியூயார்க்கின் அகஸ்டின் சாக்கெட் 1894இல் தாளையும் ஜிப்சத்தையும் அடுக்கி ஒரு சுவர்ப்பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றலான, இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தின்போது அமெரிக்கா முழுவதும் சுண்ணாம்புப் பூச்சின் இடத்தைப் பிடித்தது. காரத்தன்மை மிக்க சுண்ணாம்பில் பூஞ்சை எளிதில் வேர்கொள்வதில்லை. தாளிலோ, குழாய்க் கசிவு ஒன்று சில நாள் நீடித்தாலே போதும். பலகைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது வளரும் என்பதால், குடியிருப்பவர் வாடையை மட்டுமே உணர்வார்.

1973இன் எண்ணெய் நெருக்கடி இதனுடன் மற்றொரு மாற்றத்தைச் சேர்த்தது. எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டுக் கட்டடங்களின் இடுக்குகள் அடைக்கப்பட்டன. அதுவரை ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 15 கன அடி வெளிக்காற்று என்று இருந்த அளவு 5 கன அடியாகக் குறைக்கப்பட்டது. சுவர் இடைவெளிகளில் யூரியா-ஃபார்மால்டிஹைடு நுரை அடைக்கப்பட்டது. அதிலிருந்து கசிந்த ஃபார்மால்டிஹைடு என்னும் எரிச்சலூட்டும் வாயுவைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால் கனடா 1980 டிசம்பரில் அந்நுரைக்குத் தடை விதித்தது. அமெரிக்கா 1982இல் விதித்த தடையை அடுத்த ஆண்டே நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதே யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டப்பட்ட மரத்துகள் பலகைகள் அலமாரிகளாகவும் தரைகளாகவும் வீட்டை நிறைத்தன. ஈரமும் வெப்பமும் கூடும்போது அப்பசை சிதைந்து மேலும் ஃபார்மால்டிஹைடை வெளியிடும். பூஞ்சணமும் வளரும்போது பலவகை ஆவிச் சேர்மங்களை வெளியிடும், ஈர வீட்டின் முடைநாற்றம் என்பதே அவைதான். எனவே ஓதமேறிய வீட்டில் பூஞ்சணப் பாதிப்பு, வேதிப்பொருள் பாதிப்பு என்று இரண்டைத் தனித்தனியாகப் பிரிப்பது ஆய்வுக்கூடத்தில் இயலலாம், வாழ்க்கையில் இயல்வதில்லை. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று, உலகெங்கும் புதிதாகக் கட்டப்பட்ட, புதுப்பிக்கப்பட்ட கட்டடங்களில் 30 விழுக்காடுவரை உட்காற்றுத் தொடர்பான மிகையான புகார்களுக்கு உள்ளாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. காற்றின் அளவை மீண்டும் 15 கன அடியாக உயர்த்தும் அமெரிக்கத் தரவிதி 1989இல்தான் வந்தது.

இத்தகைய நோயாளிகளைத் தனி வகையினராக முதலில் கண்டவர் சிகாகோவின் ஒவ்வாமை மருத்துவர் தெரோன் ராண்டால்ஃப். 1950களின் தொடக்கத்தில் அழகுப்பொருள் விற்பனையாளராக இருந்த ஒரு பெண்ணின் நோய்க்கதையை விரிவாகப் பதிவுசெய்ததிலிருந்து, எரிவாயு அடுப்பு, பூச்சிக்கொல்லி, புகை ஆகிய அன்றாடப் பொருள்களே சிலரை முடக்குகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1962இல் அதை நூலாகவும் எழுதினார். அவருடைய முறைகளில் பல, கட்டுப்பாடான சோதனைகளால் மெய்ப்பிக்கப்படாதவை. சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினர். 1987இல் யேல் பல்கலைக்கழகத்தின் தொழில்சார் மருத்துவர் மார்க் கல்லன் வரையறையை வகுத்துத் தந்த பிறகே அந்நிலை பற்றிக் கல்விப்புலத்தில் பேசுவது எளிதாயிற்று. அதே ஆண்டின் இறுதியில், வாஷிங்டனில் இருந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைமையகத்தில் புதுக் கம்பளம் விரிக்கப்பட்டபோது, நாட்டின் காற்றைக் காக்கும் பணியில் இருந்த ஊழியர்கள் பலரே நோயுற்றனர். அவர்களுள் சிலரால் அந்தக் கட்டடத்துக்குள் மீண்டும் நுழைய முடியவில்லை.

மருத்துவர் கிளாடியா மில்லர், நிக்கொலஸ் ஆஷ்ஃபோர்டுடன் 1991இல் வெளியிட்ட நூலிலும் பிந்திய ஆய்வுகளிலும் இரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு விளக்கத்தை முன்வைத்தார். பூச்சிக்கொல்லி, கட்டடப் புதுப்பிப்பு, பூஞ்சணம் போன்ற ஒன்றுக்குப் பெருமளவிலோ நெடுநாளோ ஆட்படும்போது உடல் தன் தாங்கும் ஆற்றலை இழக்கிறது. அதன்பின், முதலில் பாதித்ததோடு தொடர்பே இல்லாத பொருள்களின் சிற்றளவும் நோய்க்குறிகளைத் தூண்டுகிறது. பூஞ்சணம் பிடித்த வீட்டை விட்டவர்கள் ஏன் சோப்பு வாசனையைத் தாங்க முடியாதவர்களாகிறார்கள் என்பதற்கு இதுவரை கிடைத்துள்ள ஒழுங்கான விளக்கங்களுள் இது ஒன்று. ஆயினும் இதன் எதிர்த்தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோயாளிகளை வேதிப்பொருளுக்கு ஆட்படுத்தி நடத்தப்பட்ட 37 சோதனைகளை 2006இல் தொகுத்து ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வாளர்கள், நோயாளிகள் வேதிப்பொருளுக்கும் வெறுங்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை உணர முடிந்தபோதே எதிர்வினை காட்டினர் என்று கண்டு, எதிர்பார்ப்பும் முன்நம்பிக்கையும் இதில் பங்கு வகிக்கக்கூடும் என்று முடிவுசெய்தனர். இதிலிருந்து நோய் கற்பனை என்று சொல்பவர்கள் அந்த ஆய்வு சொல்லாததைச் சொல்கிறார்கள். மூளையின் வழியாக வரும் மூச்சுத்திணறலும் மூச்சுத்திணறலே.

பூஞ்சணத்தின் தரப்பிலும் அவசர முடிவுகள் இருந்தன. 1993–94இல் கிளீவ்லாந்து நகரில் கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரல் இரத்தக்கசிவு ஏற்பட்டபோது, ஸ்டாக்கிபோட்ரிஸ் காரணம் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. 2000இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. 2004இல் அமெரிக்க மருத்துவக் கழகக் குழு, ஈர வீடுகளுக்கும் இருமல், மூக்கு-தொண்டைத் தொல்லை, ஆஸ்துமா மோசமாதல் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டென ஏற்றது. களைப்பு, நினைவுக் குழப்பம் போன்றவற்றுக்குச் சான்று போதாது என்றது. சான்று போதாது என்ற அந்தச் சொற்களை, பாதிப்பு இல்லை என்பதாகவே காப்பீட்டு நிறுவனங்களும் வீட்டு உரிமையாளர்களும் படித்துக்கொண்டனர்.

மிகக் கொடிய விளைவு நியூ ஆர்லியன்ஸில் நேர்ந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின் வெள்ளம் வடிந்த பிறகு ஆய்வுசெய்யப்பட்ட 112 வீடுகளில் 51இல் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தது. இத்தகைய வீடுகளிலிருந்து வெளியேறிய மக்களை அரசு இழுவை வீடுகளில் குடியமர்த்தியது. மலிவான மரப்பலகைகளாலான அந்த நெருக்கமான பெட்டிகளுக்குள் ஃபார்மால்டிஹைடு நிறைந்திருந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்தொல்லையும் பற்றி 2006 முதலே குடியிருந்தோர் முறையிட்டும், 519 இழுவை வீடுகளின் காற்று முறையாகச் சோதிக்கப்பட்டு, சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு என்ற முடிவு 2008இல்தான் வெளிவந்தது. வெள்ளத்தாலும் பூஞ்சணத்தாலும் வீட்டை விட்டவர்களை வேதிப்பொருளிடம் ஒப்படைத்த இந்த இரண்டாண்டுத் தாமதத்துக்கு அறிவியலின் குறைபாட்டைக் காரணமாகச் சொல்ல முடியாது; அந்த வாயுவின் இயல்பு கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. மரப்பலகைகளிலிருந்து வெளிப்படும் அளவுக்கு வரம்பு கட்டும் சட்டத்தை அமெரிக்கா 2010இல் இயற்றியது. ஜப்பானோ, இதே சிக்கல் அங்கே பெருகியபோது, தன் கட்டடச் சட்டத்தைத் திருத்தி 2003 ஜூலையிலேயே வரம்புகளையும் கட்டாயக் காற்றோட்டத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. 2009இல் வேதிப்பொருள் மிகையுணர்வைக் காப்பீட்டுக்குரிய நோய்ப்பெயர்ப் பட்டியலிலும் சேர்த்தது.

எந்த வீடும் ஒவ்வாதவர்கள் எங்கே வாழ்வது என்ற கேள்விக்குச் சில விடைகள் முயலப்பட்டன. அரிசோனாவின் ஸ்னோஃப்ளேக் என்ற சிற்றூரை ஒட்டிய வறண்ட மேட்டுநிலத்தில், 1980களின் இறுதியிலிருந்து சிலர் ஓட்டுத்தரையும் உலோகச் சுவருமாகத் தனித்தனி வீடுகள் அமைத்துக் குடியேறினர். அமெரிக்க வீட்டுவசதித் துறை 1992இல் இந்நிலையைச் சட்டப்படி இயலாமையாகக் கருதலாம் என்று ஏற்றது. அத்துறையின் நிதியுதவியுடன் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் 11 குடியிருப்புகள் கொண்ட தனிக் கட்டடம் 1994இல் திறக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த பொருள்களாலேயே கட்டியிருந்தும், முதலில் குடிவந்தவர்களில் பலர் அங்கேயும் நோயுற்றதாகக் கூறினர்.

2016இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம், அதிகாரி கண்ணால் காணும் பூஞ்சணத்தையே தரங்குறைந்த குடியிருப்புக்கு அடையாளமாகக் கொள்கிறது. குளியலறை போன்ற இயல்பான ஈரப்பரப்புகளில் படியும் சிறிதளவு மட்டும் விலக்கு. என்ன இனம், என்ன நஞ்சு, எவருக்கு என்ன நோய் என்று அது கேட்பதில்லை; கண்டால் சீராக்க வேண்டும் என்கிறது. நோய் மெய்ப்பிக்கப்படும் முன்பே வாடகைக்கு இருப்பவரின் பக்கம் நிற்கும் சட்டம் இது. ஏற்கெனவே தாங்கும் ஆற்றலை இழந்துவிட்டவருக்கோ, பூஞ்சணத்தை அகற்றத் தெளிக்கும் கொல்லி மருந்தும், புதுப் பலகையும், அதன்மேல் பூசும் பெயின்டும் அந்த வீட்டை மீண்டும் மூடிவிடுகின்றன. சீராக்கப்பட்ட வீடு எத்தனை மாதம் காற்றாட விடப்பட வேண்டும், அதுவரை அவர் தங்குமிடத்துக்கு யார் பொறுப்பு என்பது பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.