மோரோவின் இரண்டு முடிவுகள்

நடந்ததைக் காட்டுவது ஆவணப்படம், நடக்காததைக் காட்டுவது கதைப்படம் என்ற பிரிவினையை நாம் அநேகமாகக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆல்டோ மோரோ கொலையைப் பற்றிய இத்தாலியப் படங்களின் முன் இந்தப் பிரிவினை நிற்பதில்லை என்று நினைக்கிறேன்.

சரித்திரம் சுருக்கமானது. 1978 மார்ச் 16 காலை, ரோமில் ஃபானி தெருவில், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவரும் முன்னாள் பிரதமருமான மோரோவைச் சிவப்புப் படையணியினர் கடத்தினார்கள். காவலர் ஐவரைக் கொன்றார்கள். கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு ஆந்த்ரேயோத்தி அரசு பாராளுமன்றத்தின் நம்பிக்கையைக் கோரவிருந்த நாள் அது. அந்த ஏற்பாட்டில் மோரோவின் பங்கு பெரிது. பேச்சுவார்த்தை கூடாது என்பதில் இரு கட்சிகளும் உறுதியாக நின்றன. 55 நாட்களுக்குப்பின் மே 9 அன்று, இரு கட்சித் தலைமையகங்களுக்கும் அருகே ஒரு தெருவில், சிவப்பு ரெனோ காரின் பின்புறத்தில் அவர் உடல் கிடந்தது.

சிறையிலிருந்து மோரோ எழுதிய கடிதங்களை, நிர்ப்பந்தத்தில் எழுதியவை, அவருடையவை அல்ல என்று தலைவர்கள் ஒதுக்கினார்கள். அவற்றை ஒரு மனிதனின் உரைநடையாக வாசித்துக் காட்ட லியனார்தோ ஷாஷா என்ற நாவலாசிரியர் வேண்டியிருந்தது. ஷாஷாவின் நாவலொன்றிலிருந்து எலியோ பெத்ரி 1976இலேயே 'தோதோ மோதோ' எடுத்திருந்தார். அதில் மோரோவின் கேலிச்சித்திரமாக வந்து, முடிவில் சுடப்பட்டுச் சாகிறவர் ஜான் மரியா வொலொன்தே. 1986இல் ஜுஸெப்பே ஃபெராராவின் 'மோரோ வழக்கு' படத்தில் அவரே மோரோவாக நடித்தார். ஒரே முகம், இடையில் ஒரு நிஜமான சாவு. இப்போது பெத்ரியின் கேலியில் சிரிக்க முடிவதில்லை.

ஆவணப்படங்களின் சங்கடம் வேறு. கடத்தியவர்கள் எடுத்து வெளியிட்டவை இரண்டு பொலராய்டு புகைப்படங்கள். மற்றவை வெளியே காத்திருந்த காமிராக்கள் எடுத்தவை. உள்ளே கழிந்த 55 நாட்களைப் பற்றி ஆவணம் ஊமை.

மார்க்கோ பெல்லொக்கியோ 'வணக்கம், இரவே' (2003) படத்தில் அந்த வீட்டுக்குள் நுழைகிறார், காவல் இருக்கும் ஒரு பெண்ணின் பார்வை வழியாக. இறுதிப் பகுதியில் இரண்டு முடிவுகள். ஒன்று, மே 13 அன்று லாத்தரன் பேராலயத்தில் போப் ஆறாம் பால் கலந்துகொண்ட அரசு அஞ்சலிப் பூசை, அசல் படச்சுருள். மற்றது, மோரோ விடுதலையாகி விடிகாலை ரோமில் தனியே நடந்து போவது, கற்பனை. ஆனால் அசல் சுருளில் உடல் இல்லை. அரசு மரியாதை வேண்டாம் என்ற மோரோவின் விருப்பப்படி, குடும்பத்தினர் மூன்று நாள் முன்பே தொரீத்தா திபெரினாவில் அவரை அடக்கம் செய்துவிட்டார்கள். எது நாடகம்?

கற்பனை ஆறுதலாகிவிடாதா என்று கேட்கலாம். அந்த நடை நடக்கவில்லை என்று பார்ப்பவனுக்குத் தெரியும். ஆகவே அது ஆறுதல் அல்ல, குற்றச்சாட்டு. 2022இல் 'வெளியே, இரவு' தொடரை பெல்லொக்கியோ தொடங்குவதே உயிர் தப்பிய மோரோ மருத்துவமனையில் கிடப்பதாகத்தான். கட்சி நண்பர்கள் கட்டிலருகே நிற்கிறார்கள். அவர் பிழைத்திருந்தால் அவர்கள் எந்த முகத்தோடு நின்றிருப்பார்கள் என்பதே அங்கே கேள்வி.

எனக்கு ஒரு குறை மிஞ்சுகிறது. ஃபானி தெருவில் இறந்த காவலர் ஐவர். அவர்களில் ஒருவரையாவது எழுந்து வீட்டுக்கு நடக்கவைக்கக் கற்பனைக்கும் தோன்றவில்லை. சரித்திரத்தின் படிவரிசையைக் கலையும் அப்படியே காப்பாற்றியிருக்கிறது.