அடிமைத்தன வீட்டிலும் பாடல்

தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா அருகே 1940-இல் பிறந்தவர் எர்னஸ்ட் கோல். கோலே என்னும் குடும்பப் பெயரைச் சற்றே மாற்றிக்கொண்டு, அரசுப் பதிவேட்டில் ‘கலப்பினத்தவர்’ ஆனார். அதனால் கறுப்பருக்கு இல்லாத நடமாட்டம் அவருக்குச் சிறிது வாய்த்தது. சுரங்கத் தொழிலாளர், வீட்டுப் பணிப்பெண்கள், பள்ளிச் சிறுவர் ஆகியோர் நிறவெறி ஆட்சியில் பட்ட பாட்டைப் படமெடுத்து, 1966-இல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

மறு ஆண்டு நியூயார்க்கில் வெளிவந்த அவரது நூலின் பெயர் ‘அடிமைத்தன வீடு’. விடுதலைப் பயண நூல் எகிப்துக்குத் தரும் பெயர் அது. தாயகம் அந்நூலைத் தடை செய்தது. 1990 பிப்ரவரி 11-இல் மண்டேலா விடுதலையானார். அடுத்த வாரமே கோல், தாய்மண்ணை மீண்டும் மிதிக்காமல், நியூயார்க்கில் காலமானார்.

தொலைந்தனவாகக் கருதப்பட்ட அவருடைய சுமார் 60,000 நெகடிவ்கள் 2017-இல் ஸ்டாக்ஹோம் வங்கியொன்றின் பெட்டகத்திலிருந்து வெளிவந்தன. 2022-ஆம் ஆண்டின் மறுபதிப்பில், முதற்பதிப்பில் இடம்பெறாத ஓர் அதிகாரமும் சேர்ந்தது. அதில் இருப்பவை அவருடைய மக்களின் இசை, நடனம், கலை.

துன்புறுவோரின் கண்ணீரை மட்டுமே காண நாம் பழகிவிட்டோம். அவர்கள் பாடியதையும் கோல் பார்த்திருந்தார். அந்த மறுபாதியை உலகம் காண 55 ஆண்டுகள் ஆயின.