குவில்ட்டுக்குப் பின்னால் ஒரு துணிக் கிடங்கு

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த அடுக்குப் போர்வை) இருக்கிறது. துணி நைந்துவிடும் என்பதால் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான் பார்வைக்கு வைக்கிறார்கள். நடுவில் 169 கட்டங்கள். ஒன்றின் கோலம் இன்னொன்றில் இல்லை. தைத்த ஜேன் ஸ்டிக்கிள் தன் பெயரோடு, அது போர்க்காலத்தில் 1863-ல் முடிந்தது என்பதையும், மொத்தம் 5,602 துண்டுகள் என்ற கணக்கையும் அதிலேயே பதித்து வைத்திருக்கிறார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. கிராமப்புறத்துப் பெண் ஒருவரின் கைக்கு இத்தனை ரகத் துணி எங்கிருந்து வந்தது?

ஏழ்மையில் பிறந்த கலை குவில்ட், பழந்துணியை வீணாக்க மனமில்லாத குடியேறிகள் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று அமெரிக்கர்கள் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். துணி வரலாற்றாய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. 18ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் குவில்ட்டுகள் பெரும்பாலும் வசதியான வீடுகளில் தைக்கப்பட்டவை. அன்று துணிதான் விலை உயர்ந்த பொருள். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியவற்றில் நம் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணியும் உண்டு. சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் ஏற்றிய அந்தத் துணி துவைத்தாலும் மங்காது. உள்நாட்டு நெசவாளர்களைக் காக்க இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடையில்லை. லண்டன் வழியாக அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சீட்டி போய்க்கொண்டே இருந்தது. அதிலுள்ள பூவையும் பறவையையும் தனித்தனியே வெட்டியெடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, ஓரம் மடித்துத் தைப்பார்கள். கொஞ்சம் சீட்டி இருந்தால் போதும், கட்டில் முழுக்கப் பூப்பூக்கும்.

துண்டுத் துணி வீட்டுக்கு வீடு சேரத் தொடங்கியது ஆலைகள் வந்த பிறகுதான். மாசசூசெட்ஸின் லோவல் நகரில் 1820களில் நூற்பாலைகள் எழுந்தன. அச்சுப்போட்ட பருத்தி மலிந்தது. அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் தெற்கத்திப் பருத்திக்காடுகளின் அடிமைகள் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. உடுப்பு தைத்தது போக மிஞ்சியதைப் போட்டுவைக்க வீட்டில் ஒரு பை தொங்கியது. ஸ்டிக்கிளின் குவில்ட் அந்தக் காலத்துப் பிள்ளை.

கொஞ்ச காலத்தில் சேர்ப்பதே ஒரு மோகமாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'சார்ம்' குவில்ட்டுகள் பரவின: ஒரு துணி ஒரு முறைதான் வரலாம் என்பது விதி. நூற்றுக்கணக்கில் ரகம் தேட வேண்டும். தோழிகளோடு மாற்றிக்கொண்டார்கள், கடைகளில் மாதிரித் துண்டு கேட்டார்கள். 1880களில் பட்டிலும் வெல்வெட்டிலும் கோணல்மாணலாக ஒட்டுப்போடும் 'கிரேஸி' குவில்ட் வந்தது. பட்டுத் துண்டுகளைப் பொட்டலம் கட்டித் தபாலில் விற்கும் வியாபாரமே அதை நம்பி நடந்தது.

இந்த வரலாற்றில் மனத்தை அள்ளுவது மூட்டைத் துணியின் காலம். மாவும் சர்க்கரையும் கோழித்தீவனமும் பருத்திப் பையில் வந்துகொண்டிருந்தன. வெள்ளைப் பையைப் பெண்கள் உள்பாவாடையாகவும் துவாலையாகவும் தைப்பதை மாவு ஆலைக்காரர்கள் கவனித்தார்கள். 1920களில் ஏசா பேல்ஸ் என்பவர் கட்டம்போட்ட ஜிங்கம் துணியில் பை செய்யக் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பூப்போட்டது, புள்ளி போட்டது, கோடு போட்டது எனப் பைகள் குவிந்தன. 100 பவுண்டு தீவன மூட்டை ஒன்றைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி கிடைக்கும். ஒரு கவுனுக்கு மூன்று பையாவது வேண்டும், அதுவும் ஒரே டிசைனில். அதனால் தீவனம் வாங்கப் போகும் கணவர் கையில் மனைவி துணித் துண்டைக் கொடுத்தனுப்புவார். கடைக்காரர் அந்தப் பூ உள்ள மூட்டையைத் தேடி அடுக்கையே புரட்டுவார்.

பையின் வாய் சங்கிலித் தையலால் மூடியிருக்கும். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். அந்த நூலையும் உருட்டி வைத்துக்கொள்வார்கள். கம்பெனிப் பெயரைப் போக்குவதுதான் பெரும்பாடு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காரச் சோப்பு போட்டுக் கசக்க வேண்டும். பொருளாதார மந்தத்தின்போதும் இரண்டாம் உலகப் போரின்போதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்தத் துணியைத்தான் உடுத்தின. மிச்சம் குவில்ட்டுக்குப் போனது. போருக்குப் பிறகு காகிதப் பை மலிவாக வந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தது.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கதை வேறு. பழைய பருத்தித் தோட்டமாக இருந்த அந்த ஆற்று வளைவில் வாழ்ந்த கறுப்பினப் பெண்களுக்குக் கையில் இருந்தது உழைத்துத் தேய்ந்த உடுப்புகள்தான். கணவரை இழந்த மிசூரி பெட்வே, அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து 1942-ல் ஒரு குவில்ட் தைத்தார். முட்டி ஒட்டுக்கும் பைக்கும் அடியில் வெளுக்காமல் நின்ற நீலம் இன்றும் அதில் தெரிகிறது. அந்த வட்டாரப் பெண்கள் 1966-ல் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. வெட்டி மிஞ்சிய பச்சை, ஆரஞ்சு, சிவப்புத் துண்டுகள் ஊருக்குள் போய்ச் சேர்ந்தன. 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி உலகப் புகழ் பெற்றபோது, அந்தக் கார்டுராய்க் குவில்ட்டுகளும் சுவரில் இருந்தன. மாட்டிஸோடும் பால் கிளேயோடும் ஒப்பிட்டு எழுதினார்கள். அப்படி ஒரு சான்றிதழ் அவர்களுக்குத் தேவையே இல்லை.

இன்று குவில்ட்டர்கள் 'ஸ்டாஷ்' என்று சொல்லும் அலமாரி நிறைந்த சேமிப்பு 1970களில் உருவானது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குவில்ட்டுகளை ஓவியம்போலச் சுவரில் மாட்டியது. 1976-ல் நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா வந்தது. மறுபடியும் எல்லோருக்கும் ஊசி பிடிக்க ஆசை. ஆனால் கடைகளில் நிறைந்து கிடந்தது பாலியெஸ்டர். முழுப் பருத்தி கண்ணில் பட்டால் உடனே வாங்கி வைத்தார்கள், மறுமுறை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாததால். பிறகு குவில்ட்டுக்கென்றே கடைகள் வந்தன, வடிவமைப்பாளர்களின் பெயரில் துணி வந்தது. 1979-ல் ஓல்ஃபாவின் சுழல் கத்தி வந்ததும் பல மடிப்புகளை ஒரே இழுப்பில் வெட்ட முடிந்தது. தைக்கும் வேகம் கூடியது. வாங்கும் வேகம் அதையும் தாண்டியது.

கடைகளும் வெட்டும் முறையை மாற்றின. கால் கெஜம் கேட்டால் ஒன்பது அங்குல அகலத்தில் நீளமான பட்டைதான் வரும்; பெரிய பூவை அதில் வெட்ட முடியாது. அரை கெஜத்தை நடுவில் பிளந்தால் 18க்கு 22 அங்குலத் துண்டு கிடைக்கும். 'ஃபேட் குவார்ட்டர்' எனப்படும் இந்தக் கட்பீஸ்தான் இன்று எல்லாச் சேமிப்புக்கும் அடிப்படை அளவு.

இவ்வளவையும் பராமரிப்பது தனிக் கலை. காமிக் புத்தகங்களுக்குப் பின்னால் வைக்கும் அமிலமில்லாத அட்டையை வாங்கி, துணியை அதில் சுற்றிப் புத்தகம்போல நிறுத்துகிறார்கள். வெயில் பட்டால் மடிப்பு வெளுத்துவிடும். பூச்சில்லாத மரத்தட்டில் பட்டால் பழுப்பேறும். நிறவாரியாக அடுக்குவது பொது வழக்கம். மிச்சத் துண்டுகளுக்குக் குவில்ட் வடிவமைப்பாளர் பானி ஹண்டர் பரப்பிய வழி உண்டு: வந்த அன்றே ஒன்றரை, இரண்டு, இரண்டரை அங்குலப் பட்டைகளாக வெட்டி அளவுவாரியாகப் போட்டுவிட வேண்டும். வாழ்நாளில் தைத்துத் தீராத அளவு சேர்ந்துவிட்டது என்பதைக் குறிக்க அவர்களிடம் ஒரு சுருக்கச் சொல்லே இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு சங்கடம். குவில்ட்டின் வயதை அதிலுள்ள ஆகப் புதிய துணியை வைத்துத்தான் கணிக்கிறார்கள். ஆனால் அந்தத் துணியே அலமாரியில் முப்பது ஆண்டு காத்திருந்திருக்கலாம்.

கொரோனா பரவிய 2020 மார்ச்சில் மருத்துவமனைகளில் முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. இந்தியானாவின் டீக்கனஸ் மருத்துவமனைக் குழுமம், துணிக் கவசம் தைத்துத் தாருங்கள் என்று மக்களிடம் வெளிப்படையாகக் கேட்டது. வட கரோலைனாவின் வேக் ஃபாரஸ்ட் மருத்துவர்கள் பல துணிகளைச் சோதித்தபோது, நெருக்கமாக நெய்த கனமான குவில்ட்டிங் பருத்தியின் இரண்டடுக்கு நன்றாக வடிகட்டியது தெரியவந்தது. நாடெங்கும் குவில்ட்டர்கள் அலமாரியைத் திறந்தார்கள். கடைகளில் எலாஸ்டிக் கிடைக்காமல் போனதும், அதே துணியைப் பட்டையாக வெட்டி, மடித்துத் தைத்து, கட்டு நாடாவாக்கினார்கள்.