லெஸ் டார்சியும் கட்டாயப் படைச்சேர்ப்பும்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து மெயிட்லண்ட் நகருக்கு அருகே, பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டு வந்த ஐரிஷ் வழிக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் 1895இல் பிறந்த லெஸ் டார்சி, கொல்லுப்பட்டறையில் தொழில் பழகும் பருவத்திலேயே பணத்துக்காக ஆடப்படும் பந்தயக் குத்துச்சண்டைக்கு வந்துவிட்டார். 1914இல் சிட்னி ஸ்டேடியத்தில் அமெரிக்கரான பிரிட்ஸ் ஹாலண்டிடம் இருமுறை தோற்றபோதும், அவற்றுள் முதலாவது 20 சுற்றுகள் முழுவதும் நின்று புள்ளிக் கணக்கில் மட்டுமே இழந்த ஆட்டமாதலால், அவர் மதிப்பு குறையவில்லை.

அடுத்த இரண்டாண்டுகளில் எடி மெகூர்ட்டி, ஜிம்மி கிளாபி, ஜார்ஜ் சிப் ஆகிய அமெரிக்கர்களை வென்ற டார்சி, ஏறத்தாழ 72 கிலோ எடையுள்ளோருக்கான நடுத்தர எடைப்பிரிவின் உலக வெற்றியாளராக ஆஸ்திரேலியாவில் கொண்டாடப்பட்டார். ஆனால் அப்பட்டத்தை அமெரிக்கா ஏற்காததால், அங்கே சென்று ஆடியாக வேண்டியிருந்தது. 1916 பிப்ரவரியில், ஒலிம்பிக் நீச்சல் வீரராகவும் விளங்கிய ஹரால்ட் ஹார்ட்விக்கை வீழ்த்தி ஆஸ்திரேலியாவின் மிகை எடைப்பிரிவுப் பட்டத்தையும் பெற்றார். அந்த ஆட்டத்தில் முன்பற்கள் இரண்டை இழந்து, அவற்றைப் பின்னர் சீர்செய்துகொண்டார்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 21 வயது நிரம்பாதவர் படையில் சேரப் பெற்றோர் ஒப்புதல் வேண்டியிருந்தது. டார்சியின் தாய் அதை மறுத்தார். படைவயது ஆண்கள் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறுவதையும் சட்டம் தடுத்தது. கட்டாயப் படைச்சேர்ப்பு குறித்த பொதுவாக்கெடுப்புக்கு முந்தைய நாளான 1916 அக்டோபர் 27 அன்று, அவர் நியூகாசிலில் சரக்குக் கப்பலொன்றில் ஒளிந்து புறப்பட்டார். நாற்காலியில் அமர்ந்தபடி பிறர் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பத் துடித்தவர்களுக்கு அவரைவிட வாய்ப்பான இலக்கு கிடைத்திருக்காது. கோழை என்ற வசை அவருக்கு முன்பே அமெரிக்காவை எட்டியது. நியூயார்க் ஆளுநர் சார்லஸ் விட்மன் அவருடைய ஆட்டத்தைத் தடைசெய்தார், பிற இடங்களிலும் கதவுகள் மூடின. அமெரிக்கா போரில் இறங்கிய 1917 ஏப்ரலில் அந்நாட்டுப் படையிலேயே சேர்ந்த டார்சி, மே 24 அன்று மெம்பிஸ் நகரில் தமது 21ஆம் வயதில் இறந்தார்.

சீர்செய்த பற்களின் அடியில் தொடங்கிய சீழ் இரத்தத்தில் கலந்து இதயத்தின் உட்சவ்வைத் தாக்கியதே காரணமென மருத்துவ விளக்கம் தெளிவாக இருந்தும், அமெரிக்கர்கள் நஞ்சூட்டினர் என்ற வதந்தி ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் நிலைத்தது. அவ்வதந்திக்குச் சான்று இல்லை. அதை ஊட்டி வளர்த்தது மனத்தாங்கலே. கடல் கடந்து வந்த உடலுக்குச் சிட்னியில் திரண்ட பெருங்கூட்டம் கட்டாயப் படைச்சேர்ப்பை வெறுத்த தொழிலாளரின் உணர்வையும் காட்டியது: 1916இல் ஏறத்தாழ 72,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்ற அத்திட்டம், 1917 டிசம்பரில் மீண்டும் வாக்குக்கு விடப்பட்டபோது 1,66,000க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வீழ்ந்தது.