வடித்த காதும் தைத்த காதும்: ஊவாத் தோட்டப் பெண்கள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

அழகின் பொருட்டு உடலைக் கத்திக்கு உட்படுத்துதல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன மேனாட்டுப் பெருநகரங்களின் தனியார் வைத்தியசாலைகளும் திரைப்பட நடிகையரின் முகங்களுமேயாம். பதுளையை அடுத்து நமுனுகுல மலைச்சாரலில் அமைந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயங்களை எவரும் அதனோடு தொடர்புபடுத்தி எண்ணுவதில்லை. ஆயினும் எண்பது வயதைக் கடந்த மூதாட்டியர் சிலரின் காதுச் சோணைகளில் இன்றும் காணப்படும் தையல் தழும்புகள், இத்துறை வரலாற்றிலே நம்மவர்க்கும் ஓர் இடமுண்டு என்பதை உணர்த்துகின்றன. அத்தழும்புகள் எவ்வாறு ஏற்பட்டன, அவற்றை ஏற்றவர்கள் பின்னர் ஏன் மனம் வருந்தினர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் முதலாய மாவட்டங்களிலே காது வடித்தல் என்பது நெடுங்கால வழக்கமாகும். பெண் குழந்தைக்குச் சிறு வயதிலேயே சோணையில் துளையிடுவர். புண் ஆறுமுன் பஞ்சினைத் திரித்துத் துளையினுட் செருகி, நாளடைவில் அதனைப் பருமனாக்குவர். துளை ஓரளவு அகன்றதும் குணுக்கு எனப்படும் ஈய வளையத்தை மாட்டி, ஒன்றன்பின் ஒன்றாக எடையைக் கூட்டுவர். சில ஆண்டுகளில் சோணை தோளைத் தொடுமளவிற்கு இறங்கிவிடும். பின்னர் பாம்படம், தண்டட்டி, முடிச்சு முதலான அணிகள் அதிலே தொங்கும். எட்கார் தேர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகள் என்னும் நூலில் இவ்வழக்கத்தினை ‘உடற்சிதைவு’ என்னும் தலைப்பின்கீழ் அடக்கியுள்ளார். ஆட்சியாளரின் நோக்கில் அது சிதைவு. உரியவர்களின் நோக்கிலோ வடியாத காதே குறையுடைய காது. இம்முரண்பாட்டினை நாம் மறத்தலாகாது.

இங்கு மருத்துவ வரலாறு பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்திலே பதினாறாம் அத்தியாயம் காது குத்துதல் பற்றியும், குத்திய காதைப் பெருக்குதல் பற்றியும், அவ்வாறு பெருக்கிய சோணை அறுந்துவிடின் அதனைப் பொருத்துதல் பற்றியும் விரித்துரைக்கின்றது. பொருத்தும் முறைகளாகப் பதினைந்தினை அது வகுக்கின்றது. கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கை அமைக்கும் புகழ்பெற்ற முறை அதே அத்தியாயத்தின் இறுதியிலேயே வருகின்றது. ஆகவே, ஒட்டுச் சத்திரசிகிச்சையின் மிகப் பழைய விரிவான ஏடுகளில் ஒன்று போர்க்களத்துக் காயத்தில் அன்றி, அணிகலனால் அறுந்த காதிலேயே தொடங்குகின்றது எனலாம். மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட கௌவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரனுக்குப் பூனாவுக்கருகில் புதுமூக்கு அமைக்கப்பட்ட செய்தி, 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதனால் தூண்டப்பெற்ற ஜோசப் காப்பியூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814இல் அம்முறையை அங்கு செய்து காட்டினார். மூக்கின் கதை ஐரோப்பாவிற் பரவிப் புகழ்பெற்றது. காதின் கதையை எவரும் கொண்டுசெல்லவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிமார் வழியாக வந்து சேர்ந்த குடும்பங்கள் வடித்த காதுடனேயே ஊவா மலைகளை வந்தடைந்தன. காதில் தொங்கிய பொன் அப்பெண்களுக்கு அணிகலன் மட்டுமன்று, வங்கியும் அதுவே. கங்காணியின் கடன் துண்டில் கட்டுண்ட குடும்பத்திற்கு அவசரத்தில் ஈடுவைக்கத்தக்க பொருள் பிறிதொன்றில்லை. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டபோதிலும் கடன் ஒழியவில்லை. ஈடுவைத்த பாம்படம் மூழ்கிப்போயிற்றெனில், பொன்னற்ற வெறுங்காது தோளில் ஆடும். கொழுந்துக் கூடையின் கயிற்றிலும் தேயிலைச் செடியின் வாதிலும் அது சிக்கிக்கொள்ளும். ‘மூளிக்காதி’ என்ற ஏச்சும் எழும்.

பாம்படம் வழக்கொழிந்தமைக்கு ‘நாகரிகம்’ என்னும் ஒரு சொல்லையே காரணமாகக் காட்டி அமைவோர் பலர். திருநெல்வேலியில் மிஷனரிமாரின் பெண்பாடசாலைகள் இவ்வழக்கத்தைக் கண்டித்தமையும், நகரத்துப் பெண்கள் கம்மலையும் தோட்டையும் விரும்பத் தொடங்கியமையும் உண்மையே. ஆனால் எமது தோட்டங்களைப் பொறுத்தவரை நிகழ்ச்சிகளின் ஒழுங்கு வேறு என்பது எனது கருத்து. இங்கு முதலிற் போனது பொன். காது போனது அதன் பின்னரே. பாம்படத்தை மீட்பதற்கு வேண்டிய பணத்தை நோக்கச் சோணையை அறுத்துத் தைப்பதற்கான செலவு மிகச் சிறிது. வறுமையின் அடையாளத்தை மறைக்க ஏழைக்கு எட்டிய வழியாகவே அக்கத்தி அமைந்தது.

அறுவை முறை எளிதானது. சோணையில் குருத்தெலும்பு இல்லை. தோலும் கொழுப்புமே உண்டு. கார்ல் கொல்லர் 1884இல் கொக்கேயினை உணர்வகற்றியாகப் பயன்படுத்திக் காட்டியதும், 1905 அளவில் நோவக்கேயின் வழக்கிற்கு வந்ததும், உறுப்பொன்றை மட்டும் மரக்கச்செய்து வெட்டுவதை இயல்பான செயலாக்கிவிட்டன. தொங்கும் வாரினை அறுத்தகற்றி, எஞ்சிய முனைகளின் தோலைச் சீவிப் பச்சைப்புண்ணாக்கி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுவர். ஒரு முற்பகலில் முடிந்துவிடும் வேலை.

துன்பம் பின்னரே வந்தது. சிலருக்குத் தையல் வழியே தழும்பு மேடிட்டு வளர்ந்தது. கீலொயிட் என வைத்தியர் வழங்கும் இவ்வளர்ச்சி, சாதாரண வடுவைப் போலன்றி, முதற் காயத்தின் எல்லையையும் தாண்டிப் பரவும் இயல்பினது. கருமை மிகுந்த தோலினரிடையே இது கூடுதலாகக் காணப்படும். காதுச் சோணை அதற்கு மிக வாய்ப்பான இடங்களுள் ஒன்று. வெட்டி மட்டும் விட்டால் பெரும்பாலும் மீண்டும், சிலவேளை முன்னதிலும் பெரிதாக, வளர்ந்துவிடும். நெல்லிக்காயளவு கட்டியொன்றைக் காதிற் சுமந்து அரைநூற்றாண்டு வாழ்ந்த ஒருவரை யான் எமது தோட்டத்திலே கண்டிருக்கின்றேன். அவர் சேலை முந்தானையை ஒருபுறமாகவே போட்டுக்கொள்வார். வேறு சிலருக்குக் காது நேர்த்தியாகவே பொருந்தியது. எனினும் தையல் விழுந்த இடத்தைத் தவிர்த்துத் தோட்டுக்குப் புதுத்துளை இடுதல் எளிதாயிருக்கவில்லை. தழும்பிலே இட்ட துளை சில மாதங்களில் கீழ்நோக்கிக் கிழிந்தது. பாம்படமும் போய்த் தோடும் நிலைக்காத காதுடன் மகளின் கல்யாணப் பந்தலில் நின்றதைச் சொல்லும்போது அம்மூதாட்டியர் குரல் தாழ்கின்றது. தம் அம்மாயியின் காது தமக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்குவோரும் அவர்களுள் உளர். அறுத்தது சரியே, ஆனால் அறுத்தவர் சரியில்லை என்போரும் உளர். ஆக, வருத்தம் ஒரு தன்மையதன்று.

1896இல் பேர்லின் நகரில் ஜாக் ஜோசப் என்னும் இளம் வைத்தியர், காதுகள் முன்தள்ளி நின்றமையாற் பாடசாலையில் ஏளனத்திற்குள்ளான சிறுவன் ஒருவனுக்கு, தாயின் வேண்டுகோளின்பேரில் சத்திரசிகிச்சை செய்தார். சிகிச்சை வெற்றி பெற்றது, வைத்தியரோ பதவியிழந்தார். நோயற்ற உடலை அழகிற்காக வெட்டலாகாது என்பது அன்றைய மேலதிகாரிகளின் கொள்கை. நோய் உடலில் இல்லாவிடினும் ஏளனத்தால் விளையும் துன்பம் மெய்யானதே என்ற ஜோசப்பின் நிலைப்பாடே பிற்காலத்தில் அழகுச் சத்திரசிகிச்சைக்கு நியாயமாயிற்று. ஸ்பிரிங்வெளியின் வெறுங்காதிற்கும் இந்நியாயம் பொருந்தும். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பேர்லினில் இயற்கை அமைத்த காதினைச் சமூகம் நகைத்தது. இங்கோ குழந்தைப் பருவத்திலே சமூகமே நீட்டிய காதினை, அவள் தாயான பின்னர் அதே சமூகம் நகைத்தது. இருமுறையும் அவளது விருப்பம் எவ்வளவு கேட்கப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று எதனையும் யான் கண்டிலேன். ‘வீணான அலங்கார ஆசை’ என்று இதனைத் தள்ளிவிடும் ஆய்வாளர் அவ்வினாவை எழுப்புவதேயில்லை.

காதை அறுக்க மறுத்தவர்களும் இருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்குரியோர் என வகுத்தது. பிள்ளைகளோடு கப்பலேறிய பாட்டிமாருள் வடித்த காதினரும் இருந்தனர்; ஊவாவில் எஞ்சிய உறவினர் இதனை நினைவுகூர்கின்றனர். ஊருக்குப் போகின்றோம், அங்கே இந்தக் காதைக் கண்டு எவரும் சிரிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் சொல்லிப்போன ஆறுதலாம். போய்ச் சேர்ந்தபோது அங்கும் இளம்பெண்கள் பாம்படத்தைக் கைவிட்டிருந்தனர்.