காதா, மனசா?

ஒரு கேபிள் வாங்கி மாட்டிவிட்டு, ‘ஆகா, வீணை நாதமே மாறிப்போச்சே!’ன்னு குதித்தவன்தான் நானும். அதனால் இந்தப் பழைய கதை எனக்கு ரொம்ப நெருக்கம்.

1915 முதல் பத்தாண்டுகள் எடிசன் கம்பெனி அமெரிக்க ஊர்களில் ‘டோன் டெஸ்ட்’ நடத்தியது. மேடையில் பாடகி, பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டி. பாட்டு நடுவில் விளக்கு அணையும். திரும்ப வெளிச்சம் வந்தால் பாடகியைக் காணோம், பாடிக்கொண்டிருப்பது பெட்டி! கூட்டம் திகைத்துப்போகும்.

இத்தனைக்கும் மைக்கே இல்லாமல், கூம்புக் குழாய்க்குள் பாடிப் பதிந்த காலம் அது. பிறகு எப்படி ஏமாந்தார்கள்? பெட்டியின் குரலுக்கு ஏற்றபடி தன் குரலை மாற்றிப் பாடியதாக, அவர்களில் ஒருவரான அன்னா கேஸ் பிற்காலத்தில் சொல்லிவிட்டார்.

சரி, இப்படிக் கைவைக்க முடியாத சோதனை என்றால்? மேயரும் மோரனும் 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் ஒன்றை வெளியிட்டார்கள். எது எதுவென்று சொல்லாமல், உயர்தர வட்டின் ஒலியையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியான விடை 276. பூவா தலையா போட்டாலும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

படித்ததும் நண்பரைக் கேபிள் மாற்றச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பத்துக்கு ஐந்து.